குளக்கரைச் செந்தட்டானை இனம் காண்பது எப்படி

குளத்தோரக் கோரைத் தண்டின் நுனியில், பழுத்த மிளகாய் போலச் சிவந்து உட்கார்ந்திருக்கும் தட்டானைப் பார்த்ததும் 'சிவப்புத் தட்டான்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். அது ஓர் இனத்தின் பெயரன்று. பார்த்த நிறத்தைச் சொல்லும் சொல் மட்டுமே. தென்னாசிய நீர்நிலைகளில் மட்டும், முதிர்ந்த ஆண் சிவந்து காணப்படும் தட்டான் இனங்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றுள் குளம், ஏரி, வாய்க்கால், நெல்வயல் ஆகிய இடங்களில் மிகச் சாதாரணமாகக் கண்ணில் படுகிற ஒன்றை, ஏனையவற்றோடு குழப்பிக்கொள்ளாமல் பிரித்தறிவதற்கான வழிகளை இங்கே எழுதுகிறேன்.

அந்த இனத்தின் அறிவியல் பெயர் குரோக்கோதெமிஸ் செர்வீலியா. பெயரின் முற்பகுதி, குங்குமப்பூவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சிவந்த ஆணைவிட மஞ்சள் நிறப் பெண்ணுக்கே இப்பெயர் கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். தமிழில் தட்டான், தும்பி என்ற பொதுப்பெயர்கள் இருக்கின்றனவே தவிர, இந்த ஓர் இனத்துக்கு மட்டும் உரியதாக எல்லோரும் ஏற்ற பெயர் நிலைபெறவில்லை. ஆகவே வசதிக்காக இதனைக் 'கருங்கோட்டுச் செந்தட்டான்' என்று அழைக்கிறேன். ஏன் 'கருங்கோடு' என்பது சற்று நேரத்தில் விளங்கும். மேற்கு ஆசியாவிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பான் வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இது பரவியிருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1975-இல் முதன்முதலாகக் காணப்பட்டு அங்கும் நிலைத்துவிட்டது. நீர்த்தாவரங்களை இறக்குமதி செய்தபோது அவற்றோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது.

தட்டானா, ஊசித்தட்டானா

நிறத்தைப் பார்க்கும் முன் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். இறக்கைகளை இரு பக்கமும் விரித்து வைத்திருந்தால், கண்கள் இரண்டும் தலையின் உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், அது தட்டான். இறக்கைகளை முதுகின்மேல் சேர்த்து மடக்கியபடி, குச்சி போன்ற மெல்லிய உடலோடு, கண்கள் தலையின் இரு ஓரங்களில் தள்ளித்தள்ளி அமைந்திருந்தால் அது ஊசித்தட்டான். ஊசித்தட்டான்களிலும் சிவப்பும் செம்மஞ்சளுமானவை உண்டு. செரியாகிரியான் பேரினத்தைச் சேர்ந்த சில அதே குளத்தங்கரைப் புல்லில்தான் இருக்கும். அவற்றை இந்த ஒரே பார்வையில் விலக்கிவிடலாம்.

இனி வரும் விளக்கங்களுக்குச் சில சொற்கள் தேவைப்படும். நாம் பேச்சில் 'வால்' என்று சொல்வது உண்மையில் பூச்சியின் வயிறு. அது பத்துக் கண்டங்களால் ஆனது. எண்ணும்போது மார்பை ஒட்டிய கண்டத்தை முதலாவதாகக் கொள்ள வேண்டும். கால்களும் இறக்கைகளும் பொருந்தியிருக்கும் தடித்த பகுதி மார்பு. இறக்கையின் முன்விளிம்பில், நுனிக்குச் சற்று முன்னால், நிறம் நிரப்பிய சிறு கட்டம் ஒன்று தெரியும். அதை இறக்கைப் பொட்டு என்போம். அதே முன்விளிம்பின் நடுப்பகுதியில் விளிம்பு இலேசாக உள்வாங்கி மடிந்தது போலத் தோன்றும் இடம் கணு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதிர்ந்த ஆண்

நடுத்தர அளவுள்ள தட்டான் இது. வயிற்றின் நீளம் 24 முதல் 35 மில்லிமீட்டர் வரையும், பின்னிறக்கையின் நீளம் 27 முதல் 38 மில்லிமீட்டர் வரையும் இருக்கும். நீர்நிலைக்கு அருகே உட்கார்ந்திருக்கும் பூச்சியை அளவுகோல் வைத்து அளக்க முடியாது என்பதால், இந்த எண்களை 'மிகச் சிறியதும் அன்று, மிகப் பெரியதும் அன்று' என்ற அளவில் எடுத்துக்கொள்வதே நல்லது.

ஆணின் முகம், கண்ணின் மேற்பாதி, மார்பு, வயிறு ஆகிய எல்லாமே சிவப்பு. கண்ணின் பக்கவாட்டில் மட்டும் சிவப்பு வெளுத்து ஊதாச் சாயல் பெறும். மார்பின் சிவப்பு வயிற்றினுடையதைவிடச் சற்று மங்கி, துருவின் நிறத்தை ஒத்திருக்கும். எனினும் சிவப்பு என்றே சொல்லத் தக்கதாக இருக்கும். இது முக்கியமான செய்தி. வயிறு பளிச்சென்று சிவந்து, மார்பு மட்டும் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ இருந்தால், நீங்கள் பார்ப்பது வேறு இனம் என்று அப்போதே ஐயப்படலாம். கால்களும் செம்மை கலந்த பழுப்பாக இருக்குமே தவிர, கரிக்கட்டை போன்ற கறுப்பாக இரா.

இப்போது முதுகைப் பாருங்கள். வயிற்றின் மேற்புறத்தில், நட்டநடுவே, அடியிலிருந்து நுனியை நோக்கி மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடும். பென்சிலால் இழுத்தது போன்ற அந்தக் கோடு சிலவற்றில் மயிரிழை அளவே இருக்கும். சிலவற்றில் கடைசிக் கண்டங்களை நெருங்கும்போது சற்றுத் தடித்துத் தெரியும். நான் இந்தத் தட்டானுக்குக் கொடுத்த பெயர் இந்தக் கோட்டால் வந்ததுதான். பக்கவாட்டில் இருந்து பார்ப்பவருக்கு இது முற்றிலும் மறைந்துபோகும் என்பதால், சரியாக மேலேயிருந்தோ பின்புறம் சற்று உயரத்திலிருந்தோ பார்க்க வேண்டும். இதற்காகவே தட்டான் திரும்பி உட்காரும்வரை காத்திருப்பது வீண்வேலை ஆகாது.

மூன்றாவதாக இறக்கையின் அடிப்பகுதி. இறக்கைகள் கண்ணாடி போலத் தெளிவானவை. மார்போடு இணையும் இடத்தில் மட்டும் தேன்நிற மஞ்சள் கறை ஒன்று இருக்கும். பின்னிறக்கையில் அது முன்னிறக்கையில் இருப்பதைவிடப் பெரியது. நரம்புகளில் பெரும்பாலானவை கரும்பழுப்பு நிறம். எனவே இறக்கை முழுவதும் சிவப்பு வலை விரித்தது போலத் தோன்றாது. இறக்கைப் பொட்டு மஞ்சள் கலந்த பழுப்பு.

நான்காவதாக வயிற்றின் வடிவம். மேலேயிருந்து பார்க்கையில் அகன்று, சற்றுத் தட்டையாகி, நுனியை நோக்கிப் படிப்படியாகக் குறுகும். நடுவில் இடுப்புப் போல ஒடுங்கிப் பிறகு விரிவது இதன் இயல்பன்று.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. சிவப்பு என்பது பல இனங்களுக்குப் பொது; சிவப்பின் நடுவே எது சிவப்பாக இல்லை என்பதில்தான் அடையாளம் இருக்கிறது. கோடு, கால், இறக்கையடி, மார்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால், ஐயம் தானாகக் குறையும்.

பெண்ணும், இன்னும் சிவக்காத ஆணும்

பெண் சிவப்பே அன்று. கண்ணின் மேற்புறம் பழுப்பு, கீழ்ப்புறம் பச்சை கலந்த வெளிறிய நிறம், மார்பு பழுப்பு, வயிறு காவி கலந்த மஞ்சள். ஆனால் ஆணிடம் பார்த்த அதே கருங்கோடு இங்கும் இருக்கும். மஞ்சள் பின்புலத்தில் அது இன்னும் தெளிவாகவே தெரியும். மார்பின் மேற்புறத்தில் இறக்கைகளுக்கு நடுவே வெளிறிய கீற்று ஒன்று பெரும்பாலும் காணப்படும். இறக்கையடியின் தேன்நிறக் கறையும் உண்டு, ஆணுடையதைவிட வெளிறியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீரிலிருந்து ஏறித் தோலுரித்து வெளிவந்த ஆணும் முதலில் இதே மஞ்சள் நிறம்தான். முதிர முதிரத்தான் அது செம்மஞ்சளாகி, பிறகு முழுச் சிவப்பாகும். இந்த நிறமாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே இனத்தையும் வேறு இரண்டு செந்தட்டான் இனங்களையும் வைத்து விளக்கினார்கள். தோலில் உள்ள ஓமோக்குரோம் வகை நிறமிகள் ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில் மஞ்சளாகவும், ஆக்சிஜன் ஒடுக்கப்பட்ட நிலையில் சிவப்பாகவும் தோன்றுகின்றன. இளம் ஆண் முதிரும்போது முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு நிறமிகள் மாறுகின்றன. மஞ்சள் நிறத்தில் இருந்த இளந்தட்டானுக்குள் வைட்டமின் சி-யைச் செலுத்தியபோது அது சிவந்துபோனதையும் அவர்கள் காட்டினார்கள். புதிய நிறமி எதுவும் உருவாகாமல், உள்ளதே நிலைமாறி நிறமாறுவது விலங்குகளில் அரிதான வழி.

களத்தில் நிற்பவருக்கு இதனால் வரும் விளைவு இதுதான்: மஞ்சள் நிறத் தட்டானைப் பார்த்ததும் பெண் என்று எழுதிவிடக் கூடாது. பால் அறிய வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் அடிப்புறத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஆணுக்கு அங்கே துணைப் பாலுறுப்பு சிறு புடைப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு அவ்விடம் வழவழப்பாக இருக்கும். பெண்ணுக்கு மாறாக எட்டாம் கண்டத்தின் அடியில் முட்டையிடுவதற்கான மடல் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பாதி மஞ்சளும் பாதிச் செம்மஞ்சளுமாக, எந்த இனம் என்றே சொல்ல முடியாத ஒரு தட்டானைக் கண்டால், அது பெரும்பாலும் நிறம் மாறும் வழியில் நிற்கும் ஆணாகவே இருக்கும்; அதன் முதுகிலும் கருங்கோடு இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

இறந்த தட்டானை வைத்து நிறம் பார்க்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். உயிர் போன சிறிது நேரத்திலேயே கண்ணின் நிறம் மங்கத் தொடங்கும். உடலின் சிவப்பும் நாளடைவில் பழுப்பாகிவிடும். காய்ந்த உடலில் நம்பத்தக்கவை இறக்கை நரம்புகளும் உடலின் அமைப்பும் மட்டுமே.

ஏமாற்றும் உறவினர்கள்

முதலில் மிக நெருங்கிய உறவினர். குரோக்கோதெமிஸ் எரித்ரேயா என்னும் இனம் ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, மேற்கு ஆசியா ஆகிய இடங்களுக்கு உரியது; தெற்காசியாவின் மலைப்பகுதிகளிலும் பதிவாகியுள்ளது. ஐரோப்பாவில் இது வடக்கு நோக்கிப் பரவி வந்து, பிரிட்டனில் 1995-இல் முதன்முதலாகக் காணப்பட்டது. கருங்கோட்டுச் செந்தட்டானுக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் உள்ள எளிய வேறுபாடு, இதன் முதுகில் கருங்கோடு இல்லாததும் வயிறு இன்னும் அகன்று தட்டையாக இருப்பதும்தான். சமவெளிக் குளத்தில் நிற்பவர் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மலையேறி நிற்பவர்தான் கோட்டை இருமுறை சரிபார்க்க வேண்டும். இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: ஜப்பானில் வாழும் செர்வீலியாவின் துணையினம் ஒன்றில் முதிர்ந்த ஆணுக்குக் கோடு இருப்பதில்லை. எந்த அடையாளமும் எல்லா நாட்டிலும் செல்லுபடியாகிவிடாது.

அடுத்து, அன்றாடம் குழப்புகிறவர். டிரைதெமிஸ் அரோரா. இதன் ஆணும் சிவப்புத்தான்; ஆனால் அந்தச் சிவப்பில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்திருக்கும். வெற்றிலை போட்ட வாயின் சிவப்புக்கும் மிளகாய்ப்பழச் சிவப்புக்கும் உள்ள வேறுபாடு என்று சொன்னால் பலருக்கும் உடனே பிடிபடும். மார்பின்மேல் மெல்லிய ஊதாப் பொடி படிந்தாற்போல இருக்கும். இறக்கை நரம்புகள் முழுவதும் சிவப்பு. வெயில் படும்போது இறக்கையே சிவந்து ஒளிரும். இறக்கையடியில் அகன்ற தேன்நிறக் கறை. கால்கள் கறுப்பு. வயிறு அடியில் சற்றுப் பருத்துப் பிறகு குறுகும். இவற்றில் கால் ஒன்று மட்டும் தெரிந்தால்கூடப் பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். அதனால்தான் நான் எப்போதும் முதலில் காலைப் பார்க்கிறேன்.

யூரோதெமிஸ் சிக்னாட்டா இன்னும் தந்திரமானது. நிறம் அசல் இரத்தச் சிவப்பு. உயரமான காய்ந்த குச்சியின் நுனியில் உட்காரும். வயிற்றின் எட்டாம் ஒன்பதாம் கண்டங்களின் மேற்புறத்தில் கரும்புள்ளிகள் இருக்கும். இவற்றைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் கருங்கோட்டின் கடைசிப் பகுதி என்று எண்ணி நானும் ஏமாந்திருக்கிறேன். ஐயம் வந்தால் நுனியைப் பார்க்காமல் நடுக்கண்டங்களைப் பாருங்கள். மூன்று முதல் ஏழு வரையுள்ள கண்டங்களில் கோடு இல்லாமல், கடைசியில் மட்டும் கறுப்பு இருந்தால் அது யூரோதெமிஸ். பின்னிறக்கையின் அடியில் உள்ள கறையும் தேன்நிறத்தோடு நில்லாமல் கரும்பழுப்பு கலந்திருக்கும்.

ஆர்த்தெட்ரம் புரூயினோசம் என்பது உடல்கட்டில் சற்று முரட்டுத்தனமானது. வயிறு ஊதா கலந்த சிவப்பு. மார்பு செம்பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை, முதிர்ந்தவற்றில் ஊதாப் பொடி பூத்தது. கண்கள் சிவப்பாக இல்லாமல் கருநீலச் சாயலோடு இருக்கும். சிவந்த உடலுக்குக் கருநீலக் கண் என்றாலே கருங்கோட்டுச் செந்தட்டான் பட்டியலிலிருந்து விலகிவிடும். ஓடை, தொட்டி, வீட்டோரத் தேங்கல் நீர் என்று எல்லா இடத்திலும் இதைக் காணலாம்.

ரோடோதெமிஸ் ரூஃபா நீர்த்தாவரம் அடர்ந்த குளங்களை விரும்புவது. ஆணின் முதுகு முழுக்கச் சிவப்பு, மார்பின் பக்கங்கள் கருஞ்செம்பழுப்பு, வயிற்றில் கருங்கோடு இல்லை. இதன் பெண்ணை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது: பழுப்பு உடலில், மார்பின் உச்சியிலிருந்து வயிற்றின் தொடக்கக் கண்டங்கள் வரை வெளிர்மஞ்சள் பட்டை ஒன்று ஓடும். கருங்கோட்டுச் செந்தட்டானின் பெண்ணுக்குள்ள வெளிறிய கீற்று இறக்கைகளுக்கு நடுவே நின்றுவிடும். இதனுடையது வயிற்றிலும் தொடரும்.

ஏத்ரியமாண்டா பிரெவிபென்னிஸ் உருவில் சிறியது. கறுத்த மார்பு, சிவந்த வயிறு, கறுப்புக் கால்கள், பின்னிறக்கையடியில் கருஞ்சிவப்புக் கறை. மார்பும் வயிறும் வேறுவேறு நிறமாக இருப்பதே இதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றவை எளிது. இறக்கையில் பாதிக்கு மேல் செம்மஞ்சள் நிறம் ஊறியிருந்து, கூட்டமாக, கழிவுநீர் கலந்த குட்டைகளிலும் சலிக்காமல் பறந்துகொண்டிருந்தால் அது பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. நுனி மட்டும் தெளிவாக, ஏனைய இறக்கை முழுவதும் துருநிறமாக ஒளிபுகாமல் இருந்தால் நியூரோதெமிஸ் ஃபுல்வியா. பாறைமேலோ சுவர்மேலோ உட்கார்ந்து, நான்கு இறக்கைகளின் அடியிலும் பெரிய செம்மஞ்சள் கறை இருந்தால் டிரைதெமிஸ் கிர்பியை. உட்காராமல் உயரத்தில் மிதந்து கொண்டேயிருந்து, பின்னிறக்கையடியில் கருஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் டிரேமியா. குளிர்நாடுகளில் சிம்பெட்ரம் பேரினத்தின் செந்தட்டான்கள் பல இருக்கின்றன. அவற்றின் வயிறு ஒடுங்கியது, கால்கள் முழுக்கறுப்பாகவோ கறுப்பில் மஞ்சள் கீற்று உடையனவாகவோ இருக்கும்.

மஞ்சள் நிறப் பெண்ணோடு குழப்பக்கூடியவற்றில் ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் திறந்தவெளிக்குமேல் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பொன்மஞ்சள் தட்டான் பான்டலா ஃபிளேவசென்ஸ். அது கடல்தாண்டி வலசை போவது; பகலில் அரிதாகவே அமரும்; அமர்ந்தாலும் கிளையிலிருந்து செங்குத்தாகத் தொங்கும். கருங்கோட்டுச் செந்தட்டானோ தண்டின்மேல் கிடைமட்டமாக அமரும். விரட்டினாலும் சுற்றி வந்து அதே தண்டிலேயே திரும்ப உட்காரும்.

எப்போது, எப்படிப் பார்ப்பது

வெயில் ஏறிய பிறகுதான் தட்டான்கள் சுறுசுறுப்படையும். காலை ஒன்பது மணிக்கு மேல், மேகமில்லாத நாளில், காற்று குறைவாக இருக்கும் கரையில் நிற்பது நல்லது. ஆண்கள் நீரோரச் செடிகளில் ஆளுக்கொரு பகுதியைத் தம்முடையதாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே நுழையும் மற்ற ஆண்களைத் துரத்திக்கொண்டிருக்கும். பெண் நீரருகே அவ்வளவாக வருவதில்லை; கரையிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள புல்வெளியிலும் புதரிலும் தேட வேண்டும். முட்டையிட வரும்போது மட்டும் வயிற்றின் நுனியால் நீர்ப்பரப்பைத் தட்டித்தட்டிப் பறக்கும். இணைந்த ஆண் அருகிலேயே பறந்து காவல் காக்கும். அந்த நேரம் இரண்டையும் ஒருங்கே பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு. ஆணை இனம் கண்டுவிட்டால் பெண்ணுக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

நண்பகலில் வயிற்றை வானத்தை நோக்கிச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு நிற்பதைக் கண்டால் அது ஏதோ சண்டைக்கான நிலை என்று எண்ண வேண்டாம். சூரியனை நோக்கி வயிற்றின் நுனியைக் காட்டினால் உடலில் வெயில் படும் பரப்பு குறையும். வெப்பம் மிகும்போது பல தட்டான்கள் இவ்வாறு நிற்கும். முதுகுக் கோட்டை நிதானமாகப் பார்க்க இதைவிட வசதியான நிலை கிடையாது.

அணுகும்போது நேராக நடந்து செல்லாதீர்கள். குனிந்து, மெதுவாக, உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி செல்லுங்கள். பறந்துவிட்டால் பின்தொடராமல் அதே இடத்தில் அசையாமல் நின்றுவிடுங்கள். அது திரும்பி வந்து உட்காரும் தண்டு எது என்று ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். அருகில் குவிந்து நோக்கக்கூடிய பைனாகுலர் இருந்தால், கரையிலேயே நின்றபடி கால் நிறம் வரை பார்த்துவிடலாம். கரைச்சேற்றில் இறங்கும் ஆசை வேண்டாம்; ஆழம் தெரியாத நீரில் தட்டானைப் பார்த்துக்கொண்டே காலை வைப்பது ஆபத்து.

படம் எடுப்பவர்கள் ஒரே கோணத்தில் இருபது படம் எடுப்பதைவிட மூன்று கோணத்தில் மூன்று படம் எடுப்பது பயன்படும். ஒன்று முதுகுப்புறத்திலிருந்து, வயிற்றின் பத்துக் கண்டங்களும் இறக்கையடிகளும் தெரியும்படி. ஒன்று பக்கவாட்டிலிருந்து, மார்பும் காலும் இரண்டாம் கண்டத்தின் அடியும் தெரியும்படி. ஒன்று முகமும் கண்ணும் தெரியும்படி. வெயிலில் செல்பேசிக் கேமரா சிவப்பை அளவுமீறிப் பிரகாசமாக்கிவிடும். அப்போது வயிறு வெறும் சிவப்புத் திட்டாகி, மயிரிழைக் கருங்கோடு படத்தில் காணாமல் போகும். 'கோடு இல்லை, ஆகவே இது எரித்ரேயா' என்று தவறாக முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் இத்தகைய படத்தை வைத்தே செய்கிறார்கள். திரையில் தட்டானைத் தொட்டுக் குவித்த பின் வெளிச்ச அளவை ஒன்றிரண்டு படி குறைத்து எடுங்கள். படம் சற்று இருண்டாலும் கோடு நிலைத்திருக்கும்.

தெளிவான இறக்கைப் படம் கிடைத்தால் இன்னும் ஒரு சான்றைத் தேடலாம். முன்னிறக்கையின் அடியிலிருந்து கணு வரை, முன்விளிம்பை ஒட்டி ஏணிப்படிகள் போலக் குறுக்கு நரம்புகள் இரண்டு வரிசையாகத் தெரியும். கருங்கோட்டுச் செந்தட்டானில் கணுவுக்கு மிக அருகில் உள்ள கடைசிப் படி முதல் வரிசையோடு நின்றுவிடும், இரண்டாம் வரிசைக்கு இறங்காது. ஆர்த்தெட்ரத்தில் அந்தக் கடைசிப் படியும் முழுமையாக இறங்கும். யூரோதெமிஸில் படிகளின் எண்ணிக்கையே மிகக் குறைவு. நிறம் மங்கிய, காய்ந்த, பாதி உடைந்த உடலிலும் இந்த நரம்பு மாறாமல் இருக்கும்.

குறிப்பேட்டில் எழுதும்போது இனப்பெயரை மட்டும் எழுதாமல், எதைப் பார்த்து அந்தப் பெயரை முடிவு செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'கோடு பார்த்தேன், கால் செம்பழுப்பு, இறக்கையடி தேன்நிறம், மார்பு சிவப்பு, ஆண்' என்ற ஒரு வரி போதும். நாளும் நேரமும் நீர்நிலையின் வகையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்து உடனே பெயர் சொல்லும். அவற்றின் பரிந்துரையை முடிவாகக் கொள்ளாமல், மேற்சொன்ன நான்கையும் நீங்களே சரிபார்த்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். முதுகு தெரியாத பக்கவாட்டுப் படம் மட்டுமே இருந்து, காலும் மார்பும் பொருந்தி, கோட்டைப் பற்றி உறுதி சொல்ல முடியாவிட்டால், 'குரோக்கோதெமிஸ், இனம் உறுதியில்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த வெயில் நாளில் அதே கரைக்குப் போய் அதே தண்டைப் பாருங்கள்.